எங்கள் வீட்டைப் பெண் பார்க்க வந்தார்கள்

பெயின்ற் அடித்து முடித்து மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ள, பூச்சோட நிப்பாட்டிட்டீங்க, காசு முடிஞ்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பெரிய வாளி, விலை கூடின பெயின்ற் அது. சாம்பல் நிறம். தங்கச்சி கனடாவில் இருந்து படம் அனுப்பி, இந்த நிறம்தான் வேணும் அக்கா, இப்ப எல்லா வீடும் இப்படித்தான் விக்கிறாங்க என்று ஒற்றைக் காலில் நின்று அடிக்க வைத்த நிறம். அந்தப் படத்தில் அது அழகாகத்தான் இருந்தது, வெளியே பனி, உள்ளே வெள்ளைக் கதிரை. மட்டக்களப்பு வெயிலில், மாமாங்கம் பக்கத்து ஓட்டு வீட்டின் விறாந்தையில் அதே நிறம் சீமெந்துப் பூச்சாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேலை முடியாத வீடு என்று நினைத்து இரண்டு பேர் கேற்றடியிலேயே திரும்பிப் போனதாகத் தரகர் சொன்னார்.

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அது தங்கச்சியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், இதை மற்ற மாவட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு, ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், தாய் தகப்பன் கடைசிப் பெண்ணோடு இருந்து கண்ணை மூடுவார்கள். எனக்கு அரசடியில் வீடு தந்தார்கள். அப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து, 1978 நவம்பர் சூறாவளியில் பழைய வீட்டின் கூரை முழுக்கப் பறந்து போனதைப் பார்த்த மனிதர் என்பதால், இரண்டாவது வீட்டைக் கட்டும்போது கைமரம் ஒவ்வொன்றையும் சுவரோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்கித்தான் ஓடு போட்டார். தங்கச்சி அதில் இருந்தது ஆறு வருஷம், பிறகு கனடா. அப்பா போய், போன வருஷம் அம்மாவும் போன பிறகு வீடு பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. விற்போம் என்று அவள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. கிழமைக்கு ஒரு தரம் போய்க் கூட்டிப் பெருக்கி, மாங்காய் பொறுக்கி, கரையான் பார்த்து வருவது என் முழங்காலுக்கு ஏலாது.

"விக்கிறதுக்கு முதல் ஸ்டேஜிங் செய்யணும் அக்கா" என்றாள். எனக்கு ஸ்டேஜ் என்றால் கூத்துக் களரிதான் ஞாபகம் வரும். அவள் சொன்னது வேறு: வீட்டில் இருக்கிற எங்கள் அடையாளத்தை எல்லாம் எடுத்துவிட்டு, வாங்க வருகிறவர் தன்னை அந்த வீட்டில் நினைத்துப் பார்க்கும்படி கதிரை, மேசை, வெளிச்சம், பூ என்று ஒழுங்கு பண்ணி வைப்பது. அங்கே அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம், சாமான் வாடகைக்குக் கொண்டு வந்து வைத்து, விற்றதும் எடுத்துக்கொண்டு போவார்களாம். யோசித்துப் பார்த்தால் பெண் பார்க்க வரும் நாளில் நாங்கள் செய்யாததா இது? பக்கத்து வீட்டு நல்ல கதிரை, மச்சாளின் தேத்தண்ணிக் கோப்பை, எல்லாம் ஒரு பின்னேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போகும்.

ஆனால் அவள் அனுப்பிய பட்டியலில் பாதி எங்கள் ஊருக்குச் சரிவராது. சாம்பல் சுவர் முதல் பாடம். இரண்டாவது, மேசையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். அங்கே அது 'புத்துணர்ச்சி'யாம். இங்கே பூட்டிக் கிடந்த வீட்டின் ஹோலில் ஒரு கிண்ணம் தேசிக்காயை வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள்? மந்திரம் பண்ணி ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களைப் பகிடி பண்ணுவது போதாதா. "கழிப்புக் கழிச்ச வீடு எண்டு ஓடிருவாங்க" என்றேன், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது, எல்லாச் சாமானையும் எடுத்து வீட்டைக் காலியாக்கு என்பது. இதில் நான் பிடிவாதமாக நின்றேன். இந்த மாவட்டத்தில் காலியான வீட்டைப் பார்த்தால் மனிதருக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும், ஏன் ஆள் இல்லை, என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்று. இடம்பெயர்ந்து போய் வந்து பார்த்த சனம் நாங்கள். வெறும் அறை எங்களுக்கு 'விசாலம்' இல்லை. அதனால் நான் நேர் எதிராகச் செய்தேன்: ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னம் மூன்று கிழமை நானே அங்கே போய் இருந்தேன். விடிய எழும்பி வளவு கூட்டுவது, குசினியில் தேத்தண்ணி வைப்பது, பின்னேரம் விளக்கு ஏற்றுவது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு மணம் உண்டு, வௌவால் எச்சமும் பழைய துணியும் ஈரமும் கலந்தது, அது பூச்சி உருண்டைக்கோ வாசனைத் திரவியத்துக்கோ போகாது. யன்னல் திறந்து, அடுப்பு எரிந்து, ஆள் நடமாடினால் பத்து நாளில் போய்விடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் என்பது வேறு வசதி, மேற்குப் பக்க யன்னலைத் திறந்துவிட்டால் மெத்தை முதல் அரிசிப்பெட்டி வரை எல்லாம் மொறுமொறு என்று காய்ந்துவிடும். மேசையில் மணலும் படியும், அது சரி.

வளவைப் பற்றி ஒரு சொல். எங்களுக்குப் புல்வெளி தேவையில்லை. வெள்ளை மணல் வளவை விடியக்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரே திசையில் இழுத்துக் கூட்டி விட்டால், அலை அலையாக வரி விழுந்து, அதில் ஒரு காக்காய்க் கால் தடம்கூட இல்லாமல் இருக்கும்போது, கேற்றைத் திறக்கிற ஆள் ஒரு நிமிஷம் நின்றுதான் கால் வைப்பான். செலவு எதுவும் இல்லை, எனக்கு இடுப்பு வலி மட்டும். கேற்றுக்கு எண்ணெய் விட்டேன், கீச்சென்று கத்தினால் முதல் அபிப்பிராயமே கெட்டுப்போகும். ஒழுகின பைப் மூன்றுக்கு வோஷர், எல்லா அறைக்கும் புது பல்ப், கக்கூசுக்குப் புது மூடி. இவ்வளவும் சேர்த்து அந்தச் சாம்பல் பெயின்றின் கால்வாசி விலை வராது.

சுவரைத் திரும்ப அடித்தோம். வெளியே பாலாடை நிறம், உள்ளே வெள்ளை, யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் திரை, இளம் பச்சைக் கோடு போட்டது. தரைக்கு மாபிள் பதிக்கச் சொல்லித் தரகர் நச்சரித்தார். நான் விடவில்லை. அப்பா சிவப்புத் தூள் கலந்து இழைக்க வைத்த சீமெந்துத் தரை, ஒரு வெடிப்பு இல்லை. நானும் வேலைக்கு வந்த பிள்ளையும் முழங்காலில் இருந்து சிவப்புப் பொலிஷ் போட்டுப் பொச்சுமட்டையால் இரண்டு நாள் தேய்த்தோம் (முழங்காலைப் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்). யன்னல் கம்பியின் நிழல் தரையில் தெரிகிற அளவுக்கு வந்தது. படம் எடுக்க வந்த பெடியன் வீட்டைவிடத் தரையைத்தான் அதிகம் எடுத்தான்.

இரண்டு அறையில் சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்து கிடந்தது. வாவிப் பக்கத்து ஊர்களில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. மண்ணில் இருக்கிற உப்புத் தண்ணி செங்கல் வழியே மேலே ஏறி, தண்ணி காய்ந்து போய், உப்பு மட்டும் சுவரில் நின்று பூச்சைத் தள்ளும். முதலில் வந்த பெயின்ற்காரர் "சுரண்டிப்போட்டு மேலால அடிப்பம் ரீச்சர், ஆறு மாசத்துக்குத் தெரியாது" என்றார். ஆறு மாதத்தில் வீடு வேறு ஆளின் கையில் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கும் பிழை, ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்றை அடித்து மூச்சு முட்ட வைத்தால் ஆறு கிழமையில் கொப்பளம் போடும். வேறு மேசனைப் பிடித்து ஒரு அறையில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, மூன்று கிழமை காய விட்டு, திரும்பப் பூசினோம். மற்ற அறையை அப்படியே விட்டேன், கை மிஞ்சிவிட்டது செலவு. கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

இனி கிணறு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணி இப்போது குழாயில் வீட்டுக்குள்ளேயே வருகிறது, குளிக்கக் குடிக்க எல்லாம் அதுதான். ஆனாலும் கிணறு பார்க்காமல் இங்கே ஒருவரும் வீடு வாங்கமாட்டார்கள். வந்தவுடன் ஆம்பிளைகள் ஹோலில் இருந்து விலை பறைவார்கள், பொம்பிளைகள் நேரே பின்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ரீச்சர், வீட்ட விக்கிறது என்ட வேல, கிணத்தத் துப்புரவாக்கிறது உங்கட வேல." ஆடியில் தண்ணி அடியில் கிடக்கும், இறைப்பதற்கு அதுதான் நேரம். இரண்டு பேர் மோட்டர் வைத்து இறைத்து, ஒருவர் இறங்கிச் சேறு அள்ளினார். வாளி வாளியாக வந்தது: மாவிலைச் சருகு, ஒரு றப்பர் செருப்பு, கயிற்றுத் துண்டுகள், எங்கள் கரண்டிகள் நான்கு, கடைசியாக ஒரு பித்தளைச் செம்பு. கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி. கையில் வாங்கினவுடனேயே தெரிந்துவிட்டது. அம்மாவின் செம்பு. தங்கச்சிக்குப் பத்து வயது இருக்கும்போது காணாமல் போனது. நீதானே கடைசியாகத் தண்ணி அள்ளினாய் என்று அவளுக்குத்தான் பூசை விழுந்தது. புளி போட்டுத் தேய்த்து ஹோல் மேசையில் வைத்து, இரண்டு செவ்வரத்தைப் பூவும் போட்டேன். தேசிக்காய்க் கிண்ணத்துக்குப் பதில்.

அப்பா அம்மாவின் படத்தை எடுக்கச் சொல்லித் தங்கச்சி சொன்னது ஒன்றைத்தான் நான் மறுபேச்சில்லாமல் செய்தேன். மாலை போட்ட படம் ஹோலில் இருந்தால் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், விலை பேசக் கூச்சப்படுகிறார்கள். துணியில் சுற்றி அரசடிக்குக் கொண்டு வந்துவிட்டேன். சாமியறையை மட்டும் தொடவில்லை, கிழக்குப் பார்த்த சாமியறை அந்த வீட்டின் பாதி விலை.

வீடு பார்க்க வந்தவர்கள் ஒருவர் இருவராக வரவில்லை. வான் பிடித்து வந்தார்கள். ஒரு குடும்பம் என்றால் பெண்ணின் தாய், தகப்பன், தாயின் அக்காமார், ஒரு மேசன், முதிரைக் கதவை விரலால் தட்டித் தட்டிப் பார்க்க ஒரு மாமா. பெண்ணுக்குச் சீதனம் கொடுக்க வாங்குகிற வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு நாள் வந்து பார்ப்பார்கள், காசு ஒரு பக்கம், குற்றம் கண்டுபிடிக்கிற உரிமை மற்றப் பக்கம். மாப்பிள்ளையின் அக்கா அறையோடு சேர்ந்த பாத்ரூம் இருக்கா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்து போனைத் தட்டத் தொடங்கிவிட்டார். பெண்ணின் தாய் பார்த்தது வேறு. குசினியில் நின்று யன்னலால் கேற் தெரிகிறதா என்று பார்த்தார். பின்னறைக்குள் போய் நெடுநேரம் நின்றார். பிறகுதான் எனக்கு விளங்கியது, அவர் தங்கள் கட்டிலுக்கு இடம் பார்க்கிறார். மகளுக்கு எழுதிக் கொடுத்தாலும் இருக்கப்போவது தாயும் தகப்பனும்தானே. உடனே பின்னறையில் குவித்து வைத்திருந்த பழைய பெட்டிகளை எல்லாம் அடுத்த நாளே எடுத்துவிட்டு, ஒரு கட்டில், ஒரு சாய்கதிரை, ஒரு மேசை விசிறி வைத்தேன். கனடாப் பட்டியலில் 'பெரிய படுக்கையறையை அலங்கரி' என்றுதான் இருந்தது. எங்கள் ஊரில் அலங்கரிக்க வேண்டியது பின்னறையை.

அந்தப் பின்னறையின் கதவு நிலையில்தான் கோடு இருந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணி வீட்டுக்குள் வந்தபோது அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதி வைத்தார். கச்சேரிப் பழக்கம், எதற்கும் திகதி போடாமல் இருக்க மாட்டார். தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. பெயின்ற்காரர் கதவு நிலைக்கு வார்னிஷ் அடிக்க உப்புத்தாளோடு வந்து நின்று, "இத எடுத்துரவா ரீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெரிய நேர்மை எல்லாம் இல்லை. தண்ணி ஏறின வீடா என்று அவர்கள் கேட்கப்போவது என்னிடம் இல்லை, மதிலுக்கு அப்பால் நிற்கிற மாமியிடம். மாமி ஒரு அடியை மூன்று அடியாக்கித்தான் சொல்லுவார். அப்பாவின் கோடு ஒரு சாண்தான் சொல்கிறது.

முதலில் வந்த ஒரு குடும்பம் கோட்டைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, வரவே இல்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த அம்மா குனிந்து, தன் சாணை விரித்து அளந்து பார்த்தார். "எத்தின நாள் நிண்டது?" மூன்று நாள் என்றேன். "அதுக்குப் பிறகு?" வாசல்படி வரைக்கும் வந்திருக்கிறது, உள்ளே வரவில்லை, அப்பா படியை ஒரு வரி கல் உயர்த்திவிட்டார் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். விலை பேசும்போது அவருடைய கணவர் அந்தக் கோட்டைச் சொல்லியே இரண்டு லட்சம் குறைத்தார். தங்கச்சி அன்றிரவு வட்ஸ்அப்பில் குதித்தாள், அப்பா ஒரு கோடு போட்டதுக்கு இரண்டு லட்சமா என்று.

கடுதாசிகளையும் வீட்டைப்போலத்தான் ஒழுங்கு பண்ணி வைக்க வேண்டும், இதை ஒருவரும் ஸ்டேஜிங் என்று சொல்வதில்லை, ஆனால் எங்கள் ஊரில் பாதி விற்பனை முறிவது இங்கேதான். நான் ஒரு கோவையில் எல்லாவற்றையும் போட்டு ஹோல் மேசையில் செம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்: நன்கொடை உறுதி, நில அளவைப் படம் (20 பேர்ச், அதாவது 5,445 சதுர அடி), மாநகரசபைக்குக் கட்டின சோலைவரிப் பற்றுச்சீட்டு, காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி. உறுதியில் அப்பா அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமை) வைத்து எழுதியிருந்ததால் இரண்டு பேரின் மரண அத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். தங்கச்சி வர முடியாததால் ரொறன்ரோவில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து எனக்கு அற்றோணித் தத்துவம் (அவளுக்காக நான் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்பினாள், அதை இங்கே பதிந்துதான் பாவிக்கலாம், அதற்கு நாள் எடுக்கும், ஆள் வந்த பிறகு ஓடித் திரியாதீர்கள். வாங்குகிறவர் முத்திரை வரியையும் மனதில் வைத்துத்தான் விலை கேட்பார், முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஒரு கோடிக்கு எழுதினால் 399,000 ரூபாய் அதற்கே போகும். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள், ஆசையாகத்தான் கேட்டார்கள், ஆனால் 2014 சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணி எழுதுவது லேசில்லை, இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

ஆடியில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் கை நனைக்கவில்லை. ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை களுவாஞ்சிகுடி அம்மா முற்பணம் கொண்டு வந்தார். வெற்றிலையில் வைத்துத் தந்தார். சுவர் நிறம் எப்படி என்று கேட்டேன், இவ்வளவு பாடுபட்டேனே என்று. "கலியாணத்துக்கு எப்படியும் வேற அடிப்பம் தானே" என்றார்.

தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினேன், தரை, திரை, பின்னறை, கிணறு என்று ஒவ்வொன்றாக. மேசைக்கு வந்தபோது நிப்பாட்டச் சொன்னாள். "அது அம்மாட செம்பு தானே? பாத்தியா, கிணத்துக்குள்ளதான் கிடந்திருக்கு. நான் போடல்ல எண்டு அப்பவே சொன்னன், ஒருத்தரும் நம்பல்ல." ஊருக்கு வந்து போகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்கிறாள். ஒரு கிலோவுக்கு மேல் வரும், இறைச்சித் தூளும் மாசிக் கருவாடும் கொண்டு போகிற பெட்டியில் இதற்கு யார் இடம் தரப்போகிறார்கள்.

அதைப் போட்டது நான்தான். இதை வாசித்துவிட்டு எப்படியும் கோல் எடுப்பாள்.